கேமராவோடு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு

சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் மாலைப் படிப்பு மையத்துக்கும், அதே ஆட்கள் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் இல்லத்துக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. நானும் சேவை செய்கிறேன் என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “என்ன லென்ஸ் வாங்கட்டும்?” என்பதுதான். அதற்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் மனதில் ஏற்ற வேண்டியது வேறு ஒன்று. இன்று நீங்கள் எடுக்கும் ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒருநாள் இருபத்தைந்து வயதாகும். கல்லூரியிலோ, வேலை செய்யும் இடத்திலோ, கல்யாணம் பேசும் வீட்டிலோ யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுத்து நீட்டினால், அவள் தலைகுனியக் கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

எங்கே போவது, என்ன கேட்பது

பெரிய தொண்டு நிறுவனங்களில் படம் எடுக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. நீங்கள் தேவைப்படுவது, மங்கலான வாட்ஸ்அப் படங்களை வைத்துக்கொண்டு ஆண்டறிக்கை அச்சடிக்கத் திணறும் சின்ன இடங்களுக்கு. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். தூரமாக இருந்தால் இரண்டு முறைக்கு மேல் போக மாட்டீர்கள். இந்த வேலையில் முதல் இரண்டு முறை எடுக்கும் படங்கள் எதற்கும் உதவாது.

குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லமாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-இன்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். அடுத்து, குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் அடையாள அட்டையையும் காவல் துறைச் சரிபார்ப்புச் சான்றையும் அவர்கள் கேட்டால் அது நல்ல அறிகுறி. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். எதுவும் கேட்காமல் “வாங்க சார், பிள்ளைங்க உள்ளேதான் இருக்காங்க, போய் எடுத்துக்குங்க” என்று கதவைத் திறந்துவிடும் இடத்தில் எனக்கு வேலை செய்யப் பிடிப்பதில்லை. எனக்குத் திறந்த கதவு எவனுக்கும் திறக்கும்.

முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். இதைச் சொன்னால் பலர் கேட்பதில்லை. ஒரு மாலை முழுக்கத் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேளுங்கள், கேரம் ஆடுங்கள். எந்த ஜன்னல் பக்கம் எத்தனை மணிக்கு வெளிச்சம் வருகிறது, எந்தப் பிள்ளை யாரைக் கண்டால் ஒதுங்குகிறது, வார்டன் அக்கா எப்போது சிரிக்கிறார் என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். இரண்டாம் தடவை கேமராவைக் கொண்டுபோய் முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டால் கீழே விழாது. ஒருவரை ஒருவர் எடுத்துத் தள்ளுவார்கள். ஆசை அடங்கிய பிறகு கேமரா அந்த அறையில் இன்னொரு பொருளாகிவிடும். உங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒப்புதல்

காகிதத்தில் இது மிகவும் எளிது. பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து, தேதி, எதற்காகப் படம், எங்கே வெளியாகும், எத்தனை காலத்துக்கு, வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. ஒரு பக்கத்துக்குள், தமிழில், பெரிய எழுத்தில்.

உண்மையில் இது எளிதல்ல. மையத்தில் பிள்ளைக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார்கள், சுண்டல் தருகிறார்கள், நோட்டுப் புத்தகம் தருகிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அம்மாவிடம் அதே ஆட்கள் படிவத்தை நீட்டினால் அவர் மறுப்பாரா? மறுத்தால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் போடும் கையெழுத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் இரண்டு காரியம் செய்கிறோம். படிவத்தைச் சேர்க்கை நாளன்று கொடுப்பதில்லை. பிள்ளை சேர்ந்து சில வாரம் ஆன பிறகு தனியாகக் கொடுக்கிறோம். கூடவே போன வருட ஆண்டறிக்கையையும் கையில் கொடுத்து, “உங்க பொண்ணு படம் இந்த மாதிரி அச்சாகும்மா, ஃபேஸ்புக்கிலயும் போடுவாங்க, உங்க தெருக்காரங்களும் பார்க்கலாம்” என்று காட்டுகிறோம். கையில் ஒரு பொருளாகப் பார்த்த பிறகு, “புத்தகத்துல போடுங்க, போன்ல வேணாம்” என்று சொன்ன அம்மாக்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் ஒப்புதல்.

பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளை சம்மதிக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகூட முகத்தைத் திருப்பிச் சொல்லிவிடும். கையால் முகத்தை மறைப்பது வெட்கம் என்று நினைத்து, “இதுவே அழகு” என்று க்ளிக் செய்யாதீர்கள். பெரிய பிள்ளைகள் வாய்விட்டு மறுக்க மாட்டார்கள், மரியாதைக்காக நிற்பார்கள். தோள் இறுகிவிடும், சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். அப்போது கேமராவை இறக்குங்கள்.

எங்கள் மையத்தில் படம் வேண்டாம் என்றவர்களுக்கு மஞ்சள் ரப்பர் பட்டை போட்டுப் பார்த்தோம். மற்ற பிள்ளைகள் காரணம் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது யாருக்கும் எந்த அடையாளமும் இல்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது, முகங்களை நான் மனப்பாடம் செய்கிறேன்.

சட்டம் சொல்வது

இல்லத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வந்தவர்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, விசாரணை அல்லது சட்ட நடவடிக்கை தொடர்பான எந்தச் செய்தியிலும் இவர்களுடைய பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரம், படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 23 இன்னும் கண்டிப்பானது. பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் ஊடகத்தில் வெளியிட முடியாது.

எந்தப் பிள்ளைக்குப் பின்னால் எந்த வழக்கு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அதனால் நாங்கள் வைத்திருக்கும் விதி நேரானது. இல்லத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வெளியே போகாது, அவ்வளவுதான். அவர்களை முகத்தோடு எடுக்கும் படங்கள் அவர்களுக்கே சொந்தம். மாலை மையத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் படம் மட்டுமே, ஒப்புதல் இருந்தால், அச்சுக்குப் போகும்.

எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகளுக்காக நடக்கும் நிகழ்ச்சி என்றால் பின்னால் தொங்கும் ஒரு பேனரே போதும். முன்னால் நிற்கும் அத்தனை பேரின் நோயையும் அது ஊருக்குச் சொல்லிவிடும். அந்தத் தகவலை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் தடுக்கிறது. அங்கே பேனரைப் படம் எடுங்கள், அல்லது பிள்ளைகளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சட்டகத்தில் வரக் கூடாது.

இன்னும் ஒன்று. உங்களிடம் ஒரு பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொல்லலாம். கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள். கேட்டுக்கொண்டு, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்றால் தகவல் சொல்வது, தெரிந்த ஒவ்வொருவருக்கும் போக்சோ சட்டப்படி கடமை.

கருவியும் வெளிச்சமும்

இப்போது லென்ஸ். 35 மி.மீ. அல்லது 50 மி.மீ., எஃப் 1.8 திறப்பு (குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க உதவும் அகலமான திறப்பு). பழையது வாங்கினாலும் போதும். நீளமான ஜூம் வேண்டாம். தூரத்தில் நின்று தெரியாமல் எடுப்பது இந்த இடத்துக்குப் பொருந்தாது. எடுப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நல்ல செல்போன் இருந்தால் அதுவும் போதும். ஆனால் ‘பியூட்டி’ அம்சத்தை முதலில் அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தானாகவே முகத்தை வெளுத்துக் காட்டும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு இதில் கோபம் உண்டு. நம் பிள்ளைகளின் நிறம் கறுப்பும் மாநிறமும். மையத்துச் சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு. கேமரா அந்தச் சுவரைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும், முகம் கரிந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 வைத்து எடுங்கள். முகம் சரியாக வந்தால் போதும், சுவர் வெளுத்துப் போகட்டும். எடுக்கும்போது இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் தோலை மட்டும் வெளுப்பாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் நிறத்தை யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள்.

டியூப் லைட் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்பும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம், ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரலாம். அறைக்குள் 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 வரை ஏற்றுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை இன்னும் மோசமாகும். ஓடும் பிள்ளையை 1/100-இல் பிடிக்க முடியாது. அதனால் உள்ளே எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், கதை கேட்கிறவர்கள். விளையாட்டை நாலரை மணிக்கு மேல் முற்றத்தில், 1/500-இல் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். சில பிள்ளைகள் திடீர் வெளிச்சத்துக்கு உடம்பே அதிர்ந்துபோவார்கள். காரணம் கேட்காதீர்கள்.

கேமரா பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு கீழே பார்த்து எடுத்தால் எந்தக் குழந்தையும் அண்ணாந்து பார்க்கும், பெரிய கண்ணோடு, கை ஏந்துவதுபோல. நன்கொடை கேட்கும் விளம்பரங்களில் இந்தக் கோணத்தை நிறையப் பார்த்திருப்பீர்கள்.

“கொஞ்சம் பாவமா இருக்கற மாதிரி”

இந்த வேண்டுகோள் வரும். கெட்ட மனதோடு வராது. வாடகை பாக்கி, சமையல் அக்காவுக்குச் சம்பளம் பாக்கி. பாவமான படம் போட்டால் பணம் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

இது இன்று நேற்றுப் பழக்கம் அல்ல. லண்டனில் தாமஸ் பர்னார்டோ ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லங்கள் நடத்தினார். 1870-களிலேயே அங்கு தனியாகப் புகைப்படக்கூடம் வைத்து, ‘முன்பு – பின்பு’ என்று ஜோடிப் படங்களை அட்டையில் ஒட்டி விற்று நிதி திரட்டினார்கள். முதல் படத்தில் கந்தலோடு ஒரு பிள்ளை, அடுத்த படத்தில் அதே பிள்ளை சுத்தமான உடையில் வேலை செய்யும். பிள்ளைகளை இருந்ததைவிட மோசமாகக் காட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, 1877-இல் நடுவர் குழுவின் முன் விசாரணை நடந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுபட்டார். ஆனால் அந்தப் படங்களைப் புனைவு என்று நடுவர்கள் கண்டித்தார்கள். அவ்வளவு பிள்ளைகளுக்கு உண்மையாகவே சோறு போட்ட மனிதர் அவர். உண்மையான நல்ல காரியத்துக்கு எதற்குப் பொய்ப் படம்?

நீங்கள் மறுக்கும்போது வெறும் கையோடு மறுக்காதீர்கள், மாற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரையை எடுங்கள். ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து எழுதும் ஐந்து முழங்கைகளை எடுங்கள். அடிப்பிடித்துத் தேய்ந்த பெரிய குண்டானை எடுங்கள். தேவை தெரியும், யாருடைய முகமும் அடகு போகாது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தனிக் கதை. பிறந்தநாள், நினைவுநாள் என்று ஒரு குடும்பம் சாப்பாடு போட வரும். கேக், பிரியாணி, பலூன். “பசங்க எல்லாரும் பின்னாடி நிக்கட்டும் சார், ஒரு குரூப் போட்டோ.” நான் முதன்முதலில் போன ஞாயிறன்று, யாரும் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் எழுந்து உயர வரிசையில் நின்று கைதட்டத் தயாராகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் என்னைத் தூங்க விடவில்லை. வார்டன் அக்காவிடம் பேசி, சாப்பாட்டுக்குப் பதிவு செய்யும்போதே குடும்பத்திடம் சொல்லிவிட ஏற்பாடு செய்தோம்: பிள்ளைகளின் முகத்தை எடுக்க மாட்டோம், உங்கள் குடும்பத்துக்கு நல்ல படம் நாங்களே எடுத்துத் தருவோம். கரண்டி பிடித்த பாட்டியின் கை, இலையில் விழும் சாம்பார், பந்தியின் நீளம் பின்னாலிருந்து, பிறந்தநாள் பையனின் சிரித்த முகம். அன்று மாலையே பத்துப் படம் அனுப்பிவிடுவேன். இதுவரை ஒரே ஒரு குடும்பம்தான் கோபித்துக்கொண்டது. மற்றவர்களுக்கு வேண்டியது ஒரு நினைவுதான், அது அவர்களுக்குக் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே பாருங்கள். முதல் சுற்றில் அழகைப் பார்க்காதீர்கள், ஆபத்தைப் பாருங்கள். சீருடையில் பள்ளிப் பெயர், சட்டைப் பையின் மேல் பேட்ஜ், நோட்டு அட்டையில் பெயர், பின்னால் தெருப் பலகை, வேன் எண்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூன்றாம் ஆண்டில் நான் எடுத்த ஒரு படத்தில், கணக்குப் போடும் ஒரு பெண்ணின் பேட்ஜில் பள்ளிப் பெயர் தெளிவாக இருந்தது. ஒப்புதல் படிவம் இருந்தது, படமும் நன்றாக வந்திருந்தது, அச்சுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மா, அடிக்கும் கணவரை விட்டு விலகி, இருக்கும் இடம் தெரியாமல் வாழ்கிறவர். புத்தகத்தைப் பார்த்ததும் நடுங்கிக்கொண்டு வந்தார். நல்லவேளை, பிரதிகள் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. நானும் இரண்டு டீச்சர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்தோம். அன்று முதல் ஒவ்வொரு படத்தையும் 100 விழுக்காடு பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

கேமராவிலும் போனிலும் இடக்குறிப்பை (எடுத்த இடத்தைப் படக் கோப்பிலேயே பதியும் வசதி) அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், ‘டாகுமெண்ட்’டாக அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையக் கூடாது என்று நாம் பெரும்பாலும் டாகுமெண்டாகத்தானே அனுப்புகிறோம்.

முந்நூறு எடுத்தால் முப்பது கொடுங்கள். அவர்களுக்குத் தேர்வு செய்ய நேரம் கிடையாது. கோப்புப் பெயரில் பிள்ளையின் பெயர் வேண்டாம், தேதியும் எண்ணும் போதும். ஆனால் குறிப்பு எழுதாமல் விடாதீர்கள். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பிள்ளைகளைப் படமெடுத்தவர். ஒவ்வொரு படத்துக்கும் இடம், வயது, வேலை என்று எழுதி வைத்தார். உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்துகொண்டார் என்பார்கள். அந்தப் படங்கள் வெறும் இரக்கத்தைக் கிளறுவதோடு நிற்காமல் சாட்சியாக நின்றதற்கு அந்தக் குறிப்புகளும் காரணம். நாம் பெயரையும் பள்ளியையும் விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்பதை எழுதலாம்: ‘பின்னம் பாடம், ஐந்தாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை மாலை.’

படங்கள் உங்கள் சொந்த இன்ஸ்டாகிராமுக்குப் போகக் கூடாது. மெமரி கார்டைக் கடையில் கொடுக்காதீர்கள். பூட்டுச்சொல் போட்ட ஒரு ஹார்டு டிஸ்க், அமைப்பிடம் ஒரு நகல், அவ்வளவு போதும். யாராவது ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் அன்றே இரண்டிலும் அழியுங்கள்.

உரிமை பற்றி ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். பணம் வாங்காமல் எடுத்த படத்துக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை உங்களிடமே இருக்கும். அமைப்புக்கு அது தெரியாது, நாளை மனக்கசப்பு வரலாம். எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில் என்று அதில் எழுதுங்கள். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். விளம்பர நிறுவனங்களுக்கோ பட விற்பனைத் தளங்களுக்கோ நானும் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

பிள்ளைகளுக்கான படம்

நம் வீடுகளில் மொட்டை போட்டது, காது குத்தியது, பள்ளியில் சேர்ந்த நாள் என்று ஒரு பெட்டி நிறையப் படம் இருக்கும். இல்லத்தில் வளரும் பல பிள்ளைகளிடம் தன் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இருக்காது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கல் சமயத்திலும் பள்ளி திறக்கும் ஜூனிலும், ஒவ்வொருவரையும் அவர்கள் விரும்பும்படி எடுங்கள். சைக்கிளோடு வேண்டும் என்றால் சைக்கிளோடு, சிநேகிதியின் தோளில் கை போட்டு என்றால் அப்படியே. அதை 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். இரண்டு டீ விலைகூட ஆகாது. ஆளுக்கு ஒரு உறை, வார்டன் அக்காவின் பீரோவில் இருக்கட்டும்.

பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகும்போது அந்த உறையும் கூடவே போகும். போன ஆண்டு கிளம்பிய பையன் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, பத்து வயதில் பல் விழுந்த படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினான். ஆகவே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதுங்கள், பென்சிலால், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதித்துவிடும்.